மூன்று முலாம்பழங்கள்

அந்த சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் ஏழு பேரில் அவள் கைதான் வேகமானது. அதனால் எல்லாரும் அவளை மின்னல் என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் இருந்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வரிசை நீண்டுவிட்டால் மேனேஜர் மற்றவர்களைப் பார்க்கவே மாட்டார். “மின்னல் எங்கே?” என்றுதான் கேட்பார். அவளுக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. காய்க்கும் பழத்துக்கும் உரிய நாலு இலக்க எண்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். எலுமிச்சையைத் தராசில் வைக்கும்போதே விரல் எண்ணைத் தட்டி முடித்திருக்கும். கண் அடுத்த பொருளுக்குப் போயிருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த எண்களுக்கு இனி வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர் ஓர் ஆப்பிளை உயர்த்திக் காட்டினார். அதில் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு ஸ்டிக்கர்.

“பால் பாக்கெட்ல இருக்கிற நீளமான பார்கோடைப் பழத்து மேல ஒட்ட இடம் கிடையாது. அதனால அதையே சுருக்கி, ரெண்டு அடுக்கா அடுக்கியிருக்காங்க. அளவைப் பாத்து ஏமாந்துடாதீங்க. எந்தத் தோட்டம், எந்த நாள் பறிச்சது, எந்த லாட்டு, அதாவது எந்தத் தொகுதியில வந்தது, எல்லாம் இதுக்குள்ள இருக்கு. ஒரு லாட்டுல கோளாறுன்னு தெரிஞ்சா நாங்க அங்க ஒரு பட்டனைத் தட்டினாப் போதும். இங்க உங்க கவுண்டர்ல அந்தப் பழம் நின்னுடும். விக்கவே முடியாது.”

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஆனால் குளிர் அறையிலிருந்து வரும் பழம் வியர்க்கும். வியர்த்தால் ஸ்டிக்கர் சுருங்கும். சுருங்கினால் ஸ்கேனர் முனகும், திரையில் சிவப்பாக ஒரு வரி வரும்: படிக்க இயலவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்தக் கூத்து நடந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். மின்னல் சளைக்கவில்லை. பழைய நாலு எண்ணைத் தட்டினாள். இயந்திரமும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தட்டாதே என்று யாரும் சொல்லவில்லை. நாளடைவில் ஏழு கவுண்டரிலும் அதுவே வழக்கமாயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஒரு பெண் மூன்று முலாம்பழங்களைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தாள். கூடவே ஒரு கட்டு காகிதத் தட்டு, ஒரு பாக்கெட் கைதுடைக்கும் தாள். தலைமுடி ஈரமாக இருந்தது. கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

“இந்த மூணுல இருபத்திரண்டு துண்டு வருமா?” என்று கேட்டாள்.

“கத்தி கூர்மையா இருந்தா நாப்பதுகூட வரும். தின்கிறவங்க மனசைப் பொறுத்தது,” என்றாள் மின்னல். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

முதல் பழத்தைக் காட்டியதும் ஸ்கேனர் முனகியது. திரை சிவந்தது. மின்னல் பழத்தை ஆடை நுனியில் துடைத்து மறுபடி காட்டினாள். மறுபடி சிவப்பு. மற்ற இரண்டையும் காட்டினாள், அவற்றுக்கும் சிவப்பு. பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். விரல் தானாக நாலு எண்ணைத் தட்டியது, மூன்று பழத்துக்கும். அந்தப் பெண் ரொக்கமாகக் கொடுத்தாள். உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். போயும்விட்டாள். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பதினொன்றே முக்காலுக்கு மேனேஜர் எல்லாரையும் ஓய்வறைக்கு அழைத்தார். பருத்த உடம்பு, பதறினால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார்.

“முலாம்பழத்துல ஒரு லாட்டைத் திரும்ப வாங்கச் சொல்லிட்டாங்க. பேக்கிங் பண்ற இடத்துல ஏதோ கிருமி இருந்திருக்கு. சோதனையில இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சிருக்கு. பத்து மணிக்கே எல்லாக் கடையிலயும் நிறுத்திட்டாங்க. நம்மகிட்ட இருந்த பழத்தை அலமாரியிலிருந்து எடுத்தாச்சு. நல்லவேளை, நமக்கு அந்த லாட்டு இன்னிக்குக் காலையிலதான் வந்தது. சிஸ்டத்துல பாத்தேன். விற்பனை பூஜ்யம். ஒண்ணுகூட வெளியே போகல.”

அவர் அறிவிப்பைச் சுவரில் ஒட்டினார். சாதாரண ஆட்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், ஆனால் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் உயிருக்கே ஆபத்து என்று அதில் போட்டிருந்தது. கீழே மாதிரிக்கு ஒரு கவுண்டர் திரையின் படம். அதிலும் ஒரு சிவப்பு வரி. படிக்க இயலவில்லை என்று அல்ல. ‘விற்பனைக்கு அல்ல’ என்று.

மின்னலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் வந்த சிவப்பில் என்ன எழுதியிருந்தது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. படித்திருந்தால்தானே நினைவு வர? சிவப்பைத்தான் பார்த்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை. ஈரம் பட்டிருந்தால் ஒரு ஸ்டிக்கர் மக்கர் பண்ணும். மூன்றுமா ஒரேயடியாகப் பண்ணும்?

சிஸ்டத்தில் பூஜ்யம் என்று வந்ததும் அவளால்தான். நாலு எண்ணைத் தட்டினால் ‘முலாம்பழம்’ என்று மட்டும்தான் பதிவாகும். எந்த லாட்டு என்று பதிவாகாது. அந்த மூன்று பழமும் போனது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நேரே குளிர் அறைக்குப் போனாள். பழப் பிரிவுக்குத் தலைவி அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். கையுறையோடு முலாம்பழங்களைக் கறுப்புப் பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, இந்தப் பழத்தை அலமாரியிலிருந்து எத்தனை மணிக்கு எடுத்தீங்க?”

“ஏன் கேக்கறே?”

“எத்தனை மணிக்கு?”

நாத்தனார் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “பதினொண்ணு. செய்தி பத்துக்கே வந்திருக்கு. ஸ்ட்ராபெரி லாரி வந்துச்சு, ஃபோனைப் பாக்கல. அதுக்கு என்ன இப்போ? எவனும் வாங்கலியே.”

மின்னல் சொன்னாள். சொல்லச் சொல்ல நாத்தனார் முகம் வெளிறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வாயைத் திறக்காதே. நீ எண்ணைத் தட்டினது தப்புன்னா, நான் ஒரு மணி நேரம் பழத்தை விட்டு வச்சது அதைவிடப் பெரிய தப்பு. ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் தம்பி கையில மாவுக்கட்டைப் போட்டுக்கிட்டு ஆறு வாரமா உக்காந்திருக்கான். அது நினைவிருக்கா உனக்கு?”

“இருபத்திரண்டு துண்டுன்னு சொன்னா அண்ணி.”

“சொல்லட்டும். எல்லாப் பழத்துலயுமா கிருமி இருக்கு? லாட்டுல நாலு பழத்துல இருக்கும். நல்லா கழுவிட்டு வெட்டுவாங்க.”

“கழுவினாப் போகுமா?”

நாத்தனார் அவள் மணிக்கட்டை விட்டாள். கழுவினாலும் போகாது என்று போட்டிருந்த அந்த அறிவிப்பை அவளும் படித்திருந்தாள்.

மின்னல் குளிர் அறையைவிட்டு வெளியே வந்து கவுண்டரை நோக்கிப் பத்தடி நடந்தாள். பதினோராவது அடியில் திரும்பி மேனேஜர் அறைக்குள் நுழைந்து, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நாத்தனார் பெயரை மட்டும் எடுக்கவில்லை.

மேனேஜர் கெட்டவர் அல்ல. ஆனால் பயந்தவர். முதலில் “விளையாடாதே” என்றார். அப்புறம் பத்தே முக்கால் மணிக்கான பில்லைத் தேடி எடுத்து, அதில் மூன்று முலாம்பழத்தைக் கண்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். அங்கே ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் மூன்றாம் ஆளிடம் கொடுத்தார். கடைசியில் மேனேஜர் ஃபோனை வைத்துவிட்டுச் சொன்னார்: “வாசல்ல அறிவிப்பு ஒட்டச் சொல்றாங்க. அரசாங்க ஆபீசுக்கு அவங்க எழுதிடுவாங்களாம். நீ கவுண்டருக்குப் போ.”

“அறிவிப்பை அந்த அம்மா எப்ப வந்து படிப்பாங்க சார்? இந்நேரம் வெட்டியிருப்பாங்க.”

“நான் என்ன பண்ணட்டும்? அட்டையும் இல்ல, ரொக்கமாக் குடுத்திருக்கா. பேரு தெரியுமா? ஊரு தெரியுமா?”

தெரியாது. கவுண்டருக்குத் திரும்பி உட்கார்ந்தாள். ஒருவர் சோப்பு வைத்தார், ஒருவர் ரொட்டி வைத்தார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனம் அந்தப் பெண்ணின் தலைமுடியையே சுற்றி வந்தது. வெளியே மழை இல்லை. பிறகு ஏன் ஈரம்? குளித்துவிட்டு வந்தவள் பத்தே முக்கால் மணிக்குக் கழுத்தில் எதற்கு விசிலை மாட்டிக்கொள்வாள்? பணம் கொடுக்கும்போது அவள் கையிலிருந்து ஒரு வாசனை வந்ததே. அது சோப்பு வாசனை அல்ல. அப்போது முன்னால் நின்ற ஆள் தரை துடைக்கும் பிளீச்சிங் மருந்துப் புட்டியை எடுத்து வைத்தார். மூடி லேசாகக் கசிந்திருந்தது.

அதே வாசனை.

நீச்சல் குளம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. எண்ணைத் தேடி ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் ஈரக் காலோடு வரிசையில் உட்கார்ந்து பழத்துக்குக் கை நீட்டுகிற மாதிரி கண்முன்னால் வந்தது. ‘அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்’ என்ற பலகையை எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள்.

“ஏம்மா, நான் பாதியில நிக்கறேன்!” என்று பிளீச்சிங் வாங்கியவர் கத்தினார்.

அவள் ஏற்கெனவே வாசலில் இருந்தாள். ஓடத் தொடங்கினாள். கடைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, நாள் முழுக்க உட்கார்ந்தே பழகிய கால். முதல் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. பின்னால் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஸ்கூட்டரில் நாத்தனார். இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.

“ஏறு.”

“அண்ணி, நீங்க...”

“ஏறுன்னா ஏறு. ஓடிப் போய் என்னிக்குச் சேரப் போறே? மேனேஜர்கிட்ட நானும் சொல்லிட்டேன், மணி பதினொண்ணுன்னு. மூஞ்சியைப் பாக்கணுமே, அந்த மனுஷனுக்கு. ரெண்டு பேருமா சேந்து அவரைக் கொன்னுடுவோம்.” வழி நெடுக அவள் வாய் ஓயவில்லை. மின்னலைத் திட்டினாள், ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தவனைத் திட்டினாள், மூடியிருந்த ரயில்வே கேட்டைத் திட்டினாள். கேட்டில் நான்கு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. சரக்கு ரயில், பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மின்னல் எண்ணினாள். எண்ணாமலிருந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

நீச்சல் குளத்து வாசலில் டிக்கெட் கொடுப்பவர் ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“டிக்கெட் வாங்கணும். செருப்பைக் கழட்டணும். தொப்பி இல்லாம குளத்துக்குள்ள...”

“நாங்க குளிக்க வரல! காலையில முலாம்பழம் வாங்கிட்டு வந்தது யாரு?”

அவர் பேனாவால் உள்ளே காட்டினார். “பன்னிரண்டு மணி வகுப்பு கோச். இப்ப பார்ட்டி நடக்குது. ஒருத்தருக்கு இன்னிக்குக் கடைசி வகுப்பாம். ஆனா டிக்கெட்...”

மின்னல் கம்பித் தடுப்பைத் தாண்டினாள். ஈரத் தரையில் ஒருமுறை வழுக்கி, சுவரைப் பிடித்து நின்று, கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

பள்ளிப் பிள்ளைகள் யாரும் இல்லை. குளத்தின் ஓரமாக நீளப் பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேருக்கும் வயிறு. சிலருக்கு மேடிட்டிருந்தது, சிலருக்கு முழங்காலையே மறைத்திருந்தது. மாசமாக இருக்கிறவர்களுக்கான தண்ணீர்ப் பயிற்சி. ஆளுக்கு இரண்டு துண்டு என்று கணக்குப் போட்டு வாங்கிய பழம். எல்லார் மடியிலும் காகிதத் தட்டு.

“சாப்பிடாதீங்க!”

அவள் போட்ட கூச்சல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. பெண்கள் அப்படியே சிலையாகிவிட்டார்கள். விசில்காரி கையில் கத்தியோடு எழுந்தாள்.

“நீங்க கடையில... என்னாச்சு?”

மின்னல் சொன்னாள். மூச்சு திணறியதால் துண்டு துண்டாகத்தான் வந்தது. கிருமி என்ற சொல் வந்ததும் தட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கப்பட்டன.

“யாராவது சாப்பிட்டாச்சா?” என்று நாத்தனார் கேட்டாள்.

இப்போதுதான் பாட்டுப் பாடி முடித்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் தொடவில்லை. மூன்று பேர் கையை உயர்த்தினார்கள். ஒருத்தி சின்னப் பெண், இருபது வயதுக்கு மேல் சொல்ல முடியாது, பாதித் துண்டு கடித்திருந்தாள். இன்னொருத்தி கண்ணாடி போட்ட பள்ளிக்கூட டீச்சர், ஒரு துண்டு. மூன்றாமவள் பருத்துச் சிவந்த முகத்துக்காரி, நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று விரலைக் காட்டினாள்.

“எனக்கு ரெட்டை. மூணு பேருக்குமாச் சேத்துச் சாப்பிட்டுட்டேன்.” சிரிப்பதற்காகத்தான் சொல்லத் தொடங்கினாள். முடிக்கும்போது கை வயிற்றைப் பிடித்திருந்தது.

விசில்காரி மின்னலுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். “சிரிச்சுக்கிட்டே வித்தீங்களே. மிஷின் சொல்லலியா உங்களுக்கு?”

“சொல்லுச்சு. நான் படிக்கல.”

நாத்தனார் அதற்குள் குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்துத் தோல்களைக் கிளறிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தோலில் ஸ்டிக்கர் முழுசாக ஒட்டியிருந்தது. தோலோடு சேர்த்து வெட்டி, பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். “டாக்டர் கேப்பார். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க.”

நம்பினார்கள். மூன்று பேரையும் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்த ஸ்டிக்கரை ஒரு ஃபோனில் காட்டி எண்ணைப் படித்தார், அறிவிப்பிலிருந்த எண்ணோடு ஒப்பிட்டார். பிறகு அவர் சொன்னதுதான் கொடுமை. “இன்னிக்கு டெஸ்ட் பண்ணி ஒண்ணும் தெரியாது. கிருமி உள்ளே போயிருந்தா ரெண்டு நாள்லயும் காட்டலாம், பத்து வாரம் கழிச்சும் காட்டலாம். காய்ச்சல், உடம்பு வலி, எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காம வரணும். இந்த எண்ணை உங்க ஃபைல்ல எழுதி வைக்கிறேன். யார் டூட்டியில இருந்தாலும் உடனே சரியான மருந்து குடுப்பாங்க.”

பத்து வாரம். மின்னல் மனசுக்குள் எழுபது நாள் என்று மாற்றிப் பார்த்தாள். அது இன்னும் நீளமாகத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து அவளுக்கும் நாத்தனாருக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு, விசாரணை முடியும்வரை. கணவன் மாவுக்கட்டுக் கையோடு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். கோபப்படுவான் என்று காத்திருந்தாள். “அந்த மூணு பேரோட நம்பர் இருக்கா?” என்று மட்டும் கேட்டான். இருந்தது. கெஞ்சி வாங்கியிருந்தாள். “அப்ப தினமும் கேளு. திட்டினாலும் கேளு.”

தினமும் காலை ஏழு மணிக்கு மூன்று பேருக்கும் ஒரே செய்தி அனுப்பினாள்: ‘காய்ச்சல் ஏதும் இருக்கா?’ சின்னப் பெண் ‘இல்லை அக்கா’ என்று போடுவாள். டீச்சர் பதிலே போடுவதில்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கான குறி மட்டும் வரும். அதுவே மின்னலுக்குப் போதும், உயிரோடிருக்கிறாள் என்று அர்த்தம். இரட்டைக்காரிதான் வளவளவென்று எழுதுவாள். ‘காய்ச்சல் இல்ல. மூத்தவன் உதைக்கிறான், இளையவன் தூங்குறான். வீட்டுக்காரர் பாக்கிற பாத்திரத்தையெல்லாம் கொதிக்க வைக்கிறார். நேத்து என் சீப்பையும் போட்டுட்டார்.’ அதைப் படித்து மின்னல் சிரிப்பாள். சிரித்த உடனே வாயைப் பொத்திக்கொள்வாள்.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. காய் நறுக்கும்போது ஒவ்வொரு ஸ்டிக்கரையும் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அந்தப் பொடிக் கோடுகளை மனுஷக் கண்ணால் படிக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பாள். ஒரு கடைக்குப் போனால் பில் போடுகிறவளின் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இரவுச் சாப்பாடு பாதியில் நின்றுவிடும். நாத்தனார் நாள் தவறாமல் வந்து, “மெலிஞ்சு போய்த் துடைப்பம் மாதிரி ஆயிட்டே” என்று திட்டிவிட்டு, மெதுவாகக் கேட்பாள்: “மூணு பேரும் சரிதானே?”

பத்தொன்பதாம் நாள் இரட்டைக்காரியிடமிருந்து பதில் வரவில்லை.

ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. பார்த்த குறிகூட இல்லை. தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டாள். எட்டேகாலுக்கு ஃபோன் போட்டாள். ஓர் ஆண் குரல் எடுத்தது.

“அவ புருஷன் பேசறேன். அஞ்சு மணிக்குக் குளிர் வந்து நடுங்கினா. ஆஸ்பத்திரியில இருக்கோம்.”

அதற்குப் பிறகு அவன் சொன்னது எதுவும் மின்னலுக்குக் கேட்கவில்லை. எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்றும் பிறகு நினைவில்லை. பிரசவ வார்டின் வராந்தாவில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் வெல்டிங் வேலை செய்யும் அந்த மனிதன், கையெல்லாம் சின்னச் சின்னத் தீப்புண் தழும்புகளோடு குனிந்து உட்கார்ந்திருந்தான். அவளை அதுவரை பார்த்ததில்லை. அடையாள அட்டை இல்லாமலே அடையாளம் கண்டுகொண்டான்.

“நீங்கதானா?”

“நான்தான்.”

அவன் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். அவன் கை பாதி தூரம் உயர்ந்து, எங்கே போவதென்று தெரியாமல், தன் தலையையே கோதிக்கொண்டது.

“உங்களை என்ன பண்றதுன்னே தெரியல எனக்கு. உங்களாலதான் அவ உள்ளே படுத்திருக்கா. ஃபைல்ல அந்த நம்பர் இருந்ததால கால் மணி நேரத்துல மருந்து ஏத்திட்டாங்க. சாதாரணக் காய்ச்சல்னு மாத்திரை குடுத்து அனுப்பியிருந்தா, ரெண்டு குழந்தையும் போயிருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. அதுவும் உங்களாலதான். நான் யாரைத் திட்டறது?”

“என்னையே திட்டுங்க.”

அவன் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவள் உட்கார்ந்தாள். இருவரும் மதியம்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது நர்ஸ் வெளியே வந்தால் இரண்டு பேருமே பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்கள்.

ரத்தத்தில் அதே கிருமிதான் என்று மூன்றாம் நாள் உறுதியாயிற்று. ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. ஒன்பதாம் நாள் வலி எடுத்துவிட்டது, ஏழு வாரம் முன்னதாகவே. இரண்டும் ஆண். மூத்தவன் பிறந்ததும் வார்டே அதிர அழுதான். இளையவன் அழவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் சொருகி, இருபத்தெட்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இருபத்தெட்டு நாளும் மின்னல் காலையில் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, மூன்றாமவளிடம் நேரில் போனாள். கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தக் கைப்பிடியளவு மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். முதல் வாரம் வெல்டர் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். இரண்டாம் வாரம் தலையசைத்தான். நான்காம் வாரம், “இன்னிக்குக் குழாயை எடுத்துட்டாங்க, தெரியுமா?” என்று வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே கத்தினான்.

விசாரணை அதற்கிடையில் முடிந்தது. மின்னலுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. நாத்தனாரைப் பழப் பிரிவிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் இரண்டே நாளில் எல்லாரையும் அதட்டி வைத்துவிட்டாள். தலைமை அலுவலகம் ஒரு வேலை உருப்படியாகச் செய்தது: நிறுத்தப்பட்ட லாட்டு ஏதாவது இருக்கும் நாளில் அந்தப் பழத்தின் நாலு எண்ணைக் கையால் தட்டினால் இனி இயந்திரம் ஏற்காது. அதைச் சொல்ல வந்த அதே பயிற்சியாளர், “நீங்க இப்படித் தட்டுவீங்கன்னு நாங்க யோசிக்கல” என்றார். மின்னல் எழுந்து, “எங்களை ஒரு நாள் பக்கத்துல நின்னு பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும் சார்” என்றாள். அவர் குறித்துக்கொண்டார்.

இப்போது அவள் கை பழைய வேகத்தில் ஓடுவதில்லை. சிவப்பு வந்தால் நிறுத்துகிறாள், குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறாள். வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவது காதில் விழும். விழுந்தால் விழட்டும் என்று இன்னொரு தடவை படிப்பாள்.

சின்னப் பெண்ணுக்கு ஒன்பதாம் வாரம் பிரசவம் ஆயிற்று. தாயும் பிள்ளையும் சுகம். டீச்சர் மட்டும் மிச்சம். பத்தாம் வாரம் முடிந்த பிறகும் மின்னல் செய்தி அனுப்புவதை நிறுத்தவில்லை. டாக்டர் சொன்ன கெடு தாண்டிவிட்டது என்று தெரியும். தெரிந்தும் விரல் கேட்கவில்லை. எழுபத்தாறாம் நாள் காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு டீச்சரிடமிருந்து முதல்முறையாக ஒரு பதில் வந்தது.

‘நேற்று பெண் குழந்தை பிறந்தது. நலம். இனி எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.’

மின்னல் அதைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணவன் பதறி ஓடி வந்தான். ஃபோனை வாங்கிப் படித்து, பக்கத்தில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் நாத்தனார் வந்தாள், வழக்கம்போலத் திட்டிக்கொண்டே. இருவரும் தரையில் இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். கணவன் ஃபோனை நீட்டினான். அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

“சரிதான். கோபம் இருக்கத்தானே செய்யும்,” என்றாள். பிறகு மறுபடி ஒருமுறை அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “குழந்தை எத்தனை கிலோன்னு போட்டிருக்கலாம்.”